முப்பத்து நான்கு டிகிரி

தெர்மாமீட்டரை எங்கே மாட்டுவது என்பதில் பெரும்பாலான வீடுகளில் தவறு செய்கிறார்கள். காபி குடித்துக்கொண்டே பார்க்க வசதி என்று சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஆணி அடித்துத் தொங்கவிடுகிறார்கள். சுவரின் சூடு அதில் ஏறிவிடும். புகைபோக்கி பக்கத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். திறந்த வெளியில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், காற்று வந்து போக இடைவெளி விட்ட வெள்ளை மரப்பெட்டிக்குள், பெட்டியின் கதவு வடக்கே பார்க்கும்படி இருக்க வேண்டும். என்னுடையது அப்படித்தான் இருக்கிறது. இருபத்தாறு வருடமாக அதே இடம்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. நேற்று நீங்கள் என் வீட்டுக்கு வந்து, ஷெரிஃப் ஆபீஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மிகவும் தன்மையாக ஒரு கேள்வி கேட்டீர்கள். "பழைய கருவிதானே மிஸ்டர் டீக், அன்னைக்கு ஏதாவது கோளாறு ஆகியிருக்கலாம் இல்லையா?" என்றீர்கள். உங்கள் நல்ல மனசு எனக்குப் புரிந்தது. ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் இரண்டு பேருக்கும் வேலை முடிந்திருக்கும். ஆனால் அதில் ஒரு கோளாறும் இல்லை. அதன் பேரைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து, நீங்கள் விட்டுப்போன வாக்குமூலத் தாளில் எழுதுகிறேன்.

எங்களை ஊரில் வானிலைப் பைத்தியங்கள் என்பார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இருந்ததில்லை. நாங்கள் மூன்று பேர். நான், தபால் ஆபீஸ் கவுன்டரில் இருக்கும் மார்வா செட்ஸர், பள்ளிப் பேருந்து ஓட்டும் ட்வைட் ஹாலிஃபீல்ட். சனிக்கிழமை காலையில் பிஸ்கட் கடையில் உட்கார்ந்து, ஈரல் வறுவல் வைத்த, பன் மாதிரி மெத்தென்ற பிஸ்கட்டைத் தின்றுகொண்டு, அடுத்த வாரம் வானம் என்ன செய்யும் என்று சண்டை போடுவோம். முகநூலில் 'மலையும் அடிவாரமும்' என்ற பக்கத்தை நடத்துவதும் நாங்கள்தான். ஒன்பதாயிரம் பேர் படிக்கிறார்கள்.

மேலே மலையில் பனி விழும். கீழே சமவெளியில் மழை பெய்யும். நடுவில் தொங்கும் எங்களுக்குத்தான் கலவை. ஒரு மணி நேரம் பனி, ஒரு மணி நேரம் பனிக்கட்டி மணிகள், அப்புறம் உறைமழை. உறைமழை பார்க்க வெறும் மழை மாதிரிதான் இருக்கும், விழுந்த இடத்தில் கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும். எது எப்போது என்பது ஒன்றிரண்டு டிகிரியில் இருக்கிறது. ஃபாரன்ஹீட்டில் முப்பத்திரண்டுதான் உறையும் கோடு, உங்களுக்கும் தெரியும். பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்குக் காத்திருப்பதுபோல நாங்கள் கலவைக்குக் காத்திருப்போம். பைஜாமாவை உள்புறம் வெளியே தெரிய மாற்றிப் போட்டுக்கொண்டு தூங்கினால் மறுநாள் பனி விழுந்து பள்ளிக்கு லீவு விடுவார்கள் என்று இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் நம்பிக்கை. ஐம்பத்தெட்டு வயது ட்வைட்டும் அப்படித்தான் தூங்குவான்.

என் வீடு மேட்டுச் சாலையில் பாதி வழியில் இருக்கிறது. வீட்டுக்குக் கீழே ஓடை, ஓடை மேல் பாலம். பேருந்து போகும் தடத்திலேயே குளிர் அதிகம் தேங்கும் இடம் அதுதான். அதனால் பள்ளிகளின் கண்காணிப்பாளர் யவுண்ட் பத்தொன்பது வருடமாக, சந்தேகமான குளிர்கால நாட்களில், காலை ஐந்தேகாலுக்கு எனக்கு போன் செய்வார். என் பெட்டி சொல்வதை வைத்துத்தான் பள்ளி உண்டா இல்லையா என்று முடிவு செய்வார். என் மனைவி நடீன் போய் ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்னைத் தேடி அடிக்கிற போன் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் இன்சூரன்ஸ் விற்பவர்கள். குளிர்காலம் வந்தால் நான் நான்கு மணிக்கே எழுந்து முகம் கழுவி, தலை வாரி, போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். போனில் தலை தெரியாது என்பது எனக்கும் தெரியும்.

இந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை உறைமழை வரும் என்று நான் முகநூலில் எழுதினேன், யவுண்ட் கேட்டபோதும் இறங்கிக்கொண்டே போகிறது என்றேன். இரண்டு முறையும் பள்ளியை மூடினார்கள். இரண்டு முறையும் விடிந்ததும் வெறும் மழை. கடையில் ரொட்டியையும் பாலையும் அள்ளிப்போன ஊரே என்னைத் திட்டியது.

"இன்னொரு தடவை வெறும் மழைக்கு லீவு விட்டேன்னா போர்டுல என்னை உரிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க ராய்ஸ்," என்றார் யவுண்ட்.

அந்தச் சனிக்கிழமை பிஸ்கட் கடையில் மார்வா சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள்.

"பெருசு, உன் முழங்கால் வலிக்கும்போதெல்லாம் ஊரையே பூட்ட முடியாது. வர்ற வியாழன் என்ன சொல்றே?"

"மழை," என்றேன். "முப்பத்துநாலுக்குக் கீழ போகாது."

"போச்சு போ. வேணும்கிறப்ப விட்டுட்டு வேண்டாதப்ப பிடிக்கிறே. வடகிழக்குக் குளிர்காத்து மலையில முட்டிக்கிட்டு அப்படியே நிக்கப்போகுது. ஐஸ்தான். கால் அங்குலம்."

"ரெண்டு பேரும் வாயிலயே சண்டை போடாம பந்தயம் கட்டுங்களேன்," என்றான் ட்வைட். "தோத்தவங்க யவுண்ட் போனை விட்டுக்குடுக்கணும். அந்த மனுஷன் இனிமே ஜெயிச்சவங்களுக்குத்தான் பேசணும்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் மார்வா கையை நீட்டிவிட்டாள். கடையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் நீட்டினேன்.

"யார் தெர்மாமீட்டரைப் பார்க்கிறது?" என்று கேட்டான் ட்வைட்.

"பெருசோட பெட்டிதான்," என்றாள் மார்வா. "அஞ்சு மணிக்கு அதுல என்ன இருக்கோ அதான். ஆள் கணிப்புல சொதப்பும், அளவுல பொய் சொல்லாது."

எதிராளியே அப்படிச் சொன்னாள். அன்று முழுவதும் எனக்கு அதை நினைத்து நினைத்துப் பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு எழுந்தேன். தூறிக்கொண்டிருந்தது. ஐந்துக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனபோது வாசல் கைப்பிடி வழுக்கியது. நகத்தால் கீறினேன், மெல்லிய கண்ணாடித் தோல் பெயர்ந்து வந்தது. பெட்டியைத் திறந்தேன். முப்பத்தொன்று புள்ளி மூன்று.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். ஆறரைக்குள் தானாக முப்பத்து நான்குக்கு ஏறிவிடும் என்று கணக்குப் போட்டேன். தென்மேற்கிலிருந்து சூடான காற்று வந்துகொண்டிருந்தது, அது பொய்யில்லை. ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். தெர்மாமீட்டரைக் கொக்கியிலிருந்து எடுத்து, அதன் குமிழை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபத்தை ஒருமுறை சொல்லி முடிக்கும் நேரம். கையைத் திறந்தேன். முப்பத்து நான்கு புள்ளி ஒன்று. டார்ச் வெளிச்சத்தில் கண் மட்டத்துக்குப் பிடித்துப் படித்து, அதைத்தான் என் வானிலை நோட்டில் எழுதினேன். அப்புறம் என் வாசற்படிகளில் மட்டும் உப்பைத் தூவினேன். இந்த வயதில் விழுந்தால் இடுப்பு போய்விடும்.

சொன்ன நேரத்துக்கு போன் அடித்தது.

"என்னப்பா சொல்லுது உன் பெட்டி?"

"முப்பத்துநாலு புள்ளி ஒண்ணு. நல்ல மழை, அவ்வளவுதான்."

"அப்பாடா. உனக்குக் கோடி புண்ணியம். மார்வா அரை மணி நேரமா என் உயிரை வாங்கறா. நாளைக்கும் கூப்பிடறேன்."

நாளைக்கும் கூப்பிடுகிறேன் என்றார். நான் காபி போட்டுக் குடித்தேன்.

ஆறு இருபதுக்கு ட்வைட்டின் பேருந்து மேலிருந்து இறங்கி வந்தது. அவன் வீட்டு வாசலிலிருந்தே பேருந்தை எடுப்பவன். முதல் நிறுத்தத்தில் ஏறும் பர்லசன் வீட்டுச் சிறுமிகள் இரண்டு பேர் மட்டும்தான் உள்ளே. ஜன்னலிலிருந்து விளக்கைப் பார்த்தேன். டார்ச்சைக் காட்டி நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். டார்ச் கையில்தான் இருந்தது. இந்நேரம் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். ஏறவில்லை. குளிர்காற்று மார்வா சொன்ன மாதிரியே மலையில் முட்டிக்கொண்டு நின்றது.

பாலத்தில் பேருந்து சத்தமில்லாமல் திரும்பியது. தடுப்புக் கம்பி உடைந்தது மட்டும் கேட்டது. ஓடையில் ஒருக்களித்துக் கிடந்தது.

கயிற்றை எடுத்துக்கொண்டு போனேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். படி தாண்டியதும் விழுந்தேன். எழுந்தேன், மறுபடி விழுந்தேன். சரிவு முழுவதும் கண்ணாடி. கைகளை ஊன்றித் தவழ்ந்து போனேன், பேருந்துக்கு நாற்பதடி தூரத்தில் ஒரு வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அதற்கு மேல் போனால் நானும் தண்ணீரில்தான். கயிற்றை மூன்று முறை வீசினேன், எட்டவில்லை. கிளம்பும் முன்பே தீயணைப்பு வண்டிக்கு போன் செய்திருந்தேன், அது தேவாலயத்துத் திருப்பத்திலேயே வழுக்கிப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. நாற்பது நிமிடம் அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் என்னால் செய்ய முடியவில்லை. அழுதேன் என்றும் எழுதலாம்.

ட்வைட் பெரிய பெண் டாபித்தாவை ஜன்னல் வழியாக மேலே தூக்கி விட்டான். அவள் பேருந்தின் பக்கவாட்டில் குந்திக்கொண்டு தங்கையின் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சின்னவளைத் தேடி ட்வைட் இரண்டு முறை உள்ளே குனிந்தான். தண்ணீர் அவன் மார்பு வரை இருந்தது. பிறகு ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ராய்ஸ், வரமுடியுமாய்யா?"

"முடியல ட்வைட். வழுக்குது."

"சரி, நீ வராதே. நீயும் விழுந்துடுவே." கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எவ்வளவு?" என்று கேட்டான்.

அந்த நிலையிலும் அதைக் கேட்டான். எங்கள் ஆட்கள் அப்படித்தான்.

"முப்பத்தொண்ணு இருக்கும்."

"காலையில முப்பத்துநாலுன்னியாமே. யவுண்ட் சொன்னார். இறங்கிடுச்சா?"

"ஆமா. திடீர்னு இறங்கிடுச்சு."

"சே. யாருக்குத் தெரியும்," என்றான். என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

திடீரென்று இறங்கிவிட்டது என்று நான் சொன்னது வாய்ப்பேச்சு. சாகிறவனிடம் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். நோட்டில் எழுதியது வேறு.

ஏழேகாலுக்குச் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிகள் வந்தன. டாபித்தாவுக்குக் கை முறிந்திருந்தது. சின்னவள், ஏழு வயது கோரியையும் ட்வைட்டையும் முகம் மூடப் போர்வை போர்த்தி மேலே கொண்டுவந்தார்கள். போர்வை விலகிய இடத்தில் ட்வைட்டின் ஜாக்கெட் திறந்திருந்தது. உள்ளே கோடு போட்ட பைஜாமா சட்டை, தையல் வெளியே தெரிய மாற்றிப் போட்டிருந்தான். மார்வா பாலத்து முனையில் நின்றுகொண்டிருந்தாள். என் கையைப் பிடித்து, "உன் தப்பு இல்ல பெருசு. பெட்டி காட்டினதைத்தானே சொன்னே," என்றாள்.

மறுநாளும் யவுண்ட் கூப்பிட்டார். அழுதார். நான் அன்றைய அளவைச் சொன்னேன்.

ஆக, கருவியில் கோளாறு இல்லை. முப்பத்து நான்கு புள்ளி ஒன்று என்று அது காட்டியது, நான் அதைக் கண்ணால் பார்த்துத்தான் எழுதினேன். வேண்டுமானால் நீங்களே கையில் பிடித்துப் பாருங்கள், அதையேதான் காட்டும். அந்த வரியை அடிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லோரும் போன பிறகு, வழக்கப்படி, வாசலில் உள்ள மரத்துக் குச்சியில் படிந்த ஐஸை அளந்தேன். சரியாகக் கால் அங்குலம், மார்வா சொன்னது. நான் அதில் பாதி, அரைக்கால் என்று எழுதினேன். அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். இருபத்தாறு வருடத்தில் என் நோட்டில் உள்ள பொய் அது ஒன்றுதான்.