பற்றவைக்கும் முன் ஒரு குரல்

கவரைப்பேட்டை ரயில்வே ஸ்டேஷன் வாசலில் டீ நன்றாக இருக்கும் சார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் குடித்துவிட்டுத்தான் நானும் ஆசீர்வாதமும் தடாவுக்கு அந்தப் பக்கமுள்ள மலைக்குப் போவோம். இரண்டு பேருக்கும் கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில், உலைப் பக்கம் வேலை. வாரம் முழுக்க வெந்த உடம்பை மலை மேலிருக்கும் மடுவில் போட்டால்தான் எனக்கு உயிர் வரும். கரையில் ஒரு மருத மரம். அதன் வேரில் தலைவைத்துத் தூங்குவேன்.

ஆசீர்வாதத்துக்கு வாய் சும்மா இருக்காது. மில் முழுக்கச் சொல்லிவிட்டான். 2006 பொங்கலுக்கு அப்புறம் வாராவாரம் வேனில் ஆட்கள், பிரியாணி, பாட்டு, உடைந்த பாட்டில்கள். மருத மரத்தில் ஆணியடித்துப் பை மாட்டினார்கள். வேண்டாம் என்று ஆசீர்வாதத்திடம் பக்குவமாகத்தான் சொன்னேன்.

"இன்னாபா பேஜாரு பண்ற? மலை இன்னா உங்க ஊட்டு சொத்தா?" என்று சிரித்தான்.

மடுவுக்குக் கூப்பிடு தூரம் கீழே காய்ந்த புல் கிடந்தது. அதைக் கொளுத்தினால் காட்டிலாகா பாதையை அடைத்துவிடும், புல் மழைக்குத் திரும்ப வந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை பகலில் கொளுத்தினேன். காற்று மாறி மேலே ஏறிவிட்டது. மறுநாள் கூட்டத்துக்கு இடம் சுத்தம் செய்யப் போயிருந்த ஆசீர்வாதத்தை மருத மரத்தடியில் கண்டெடுத்தார்கள். யாரோ போட்ட பீடி என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவன் மனைவி ஆரோக்கியமேரி வந்தாள்.

"அண்ணே, அவரு போன எடத்த ஒரு தபா காட்டுண்ணே."

கூட்டிப் போனேன். கணுக்கால் வரை சாம்பல். ஒரு குருவிச் சத்தம் இல்லை. மடுத் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. மருத மரம் பாதிதான் மிச்சம், ஆணிகள் மட்டும் அப்படியே இருந்தன. அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். மன்னித்துவிடு என்று வாய்விட்டே சொன்னேன். மரத்திடம்தான் சொன்னேன். புருஷனுக்காக அழுகிறேன் என்று நினைத்து மேரி என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்தக் கை இன்னும் முதுகில் இருக்கிற மாதிரி கூசுகிறது.

"உலைய பத்த வெக்கறதுக்கு முன்னாடி உள்ள ஆளு இருக்கான்னு குரல் குடுப்பீங்களாமே, அவரு சொல்லிக்கினே இருப்பாரு. பீடியோ இன்னாவோ, இங்க கொளுத்தனவன் அப்டி ஒரு குரல் குடுத்திருந்தா இவரு எறங்கி வந்திருப்பாரேண்ணே."

அவள் சொன்னது மில் வழக்கம்தான். பழுது பார்த்த உலையின் வாயில் நின்று ஆள் இருக்கா என்று கேட்போம். பதில் வராவிட்டால்தான் நெருப்பு வைப்போம். அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவள் அப்படிச் சொன்னதால்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

பழகின வாய் சும்மா இருக்குமா சார்? அந்தச் சனிக்கிழமையும் தீக்குச்சியை எடுத்ததும் மேலே பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"நான்தாம்பா. ஏறி வா, நாஷ்டா கீது" என்றான் ஆசீர்வாதம்.

அதைக் கேட்ட பிறகுதான் கிழித்தேன்.