கடலுக்குள்ள நல்ல தண்ணி

அட, ஈட்டிய அந்தப் பக்கம் சாச்சு வைங்க தம்பி, வலையில மாட்டிக்கும். ஒரு படகும் வெளிய போகக் கூடாதுன்னு உத்தரவு, அதானே? விடிஞ்சதுலேருந்து அதையேதான் சொல்லிட்டிருக்கீங்க. நான் என்ன ஓடியா போயிட்டேன்? உக்காந்து பேசிட்டுத்தானே இருக்கேன். அத்திப்பழம் எடுத்துக்குங்க. விஷமெல்லாம் இல்ல, இந்தா, நானே ஒண்ணு தின்னு காட்டுறேன்.

உங்க கிரேக்க பாஷை எனக்கு எப்படித் தெரியும்னா கேக்குறீங்க? எங்கப்பா சைப்ரசுல கருவாடு வித்தாரு. நானும் கூடப் போவேன். மொதல்ல வசவுதான் கத்துக்கிட்டேன். மத்ததெல்லாம் பின்னாடி தானா வந்துச்சு.

பரவால்லயே, சிரிக்கக்கூடத் தெரியுமா உங்களுக்கு!

என்னது, கையகலத் தீவா? ஆமா, எங்க அர்வாத் கையகலம்தான். அதான் வீட்டு மேல வீடா கட்டி வச்சிருக்கோம். மேல் வீட்டு பத்னோம் தும்மினா எங்க கஞ்சியில தூசி விழும். ஆனா இந்தக் கையகலத்துக்கு ஆசப்படாத ராஜா கிடையாது, பாத்துக்குங்க. சீதோன் பட்டணத்துல சண்டை போட்டுக்கிட்டு ஓடிவந்த பயலுகதான் எங்க முப்பாட்டனுங்க. அந்த வாய் இன்னும் போகல. எகிப்துக்காரன் வந்தானாம். கரையில நின்ன எங்க பழமரத்தையெல்லாம் வெட்டிப் போட்டுட்டுப் போனானாம். மரம் என்ன பண்ணுச்சு பாவம்! அப்புறம் அசீரியா ராஜா. அவர எங்க படகுலயே ஏத்தி நடுக்கடலுக்குக் கூட்டிட்டுப் போனாங்களாம். போற வழியெல்லாம் வாந்தி. ஏதோ ஒரு பெரிய மீனக் குத்திட்டு, ஊருக்குப் போயி கடல்ல வாழுற குதிரையையே கொன்னேன்னு கல்லுல வெட்டி வச்சுக்கிட்டாரு. துடுப்புப் போட்ட எங்காளு பேரு அதுல இருக்குமா, சொல்லுங்க?

அதுக்கப்புறம் பாரசீகக்காரன். இப்ப நீங்க. எங்க இளவரசர் தங்கக் கிரீடத்த எடுத்துட்டுப் போயி உங்க ராஜா தலையில வச்சுட்டாரு. நல்லதுதான், ஊரு எரியாம தப்பிச்சுது. ஆனா அவங்கப்பா, எங்க பெரிய ராஜா, பாரசீகக் கப்பல்படையோட எங்கேயோ கடல்ல கிடக்காரே, அவர யாரு கேட்டா?

சரி, அத விடுங்க. மழைத் தொட்டித் தண்ணிய உங்க ஆளுங்க மூஞ்சி கழுவியே தீத்துட்டாங்க. நமக்கும் கரைக்கும் நடுவுல, கடலுக்கு அடியில ஒரு ஊத்து இருக்கு. நெசமாத்தான்! இந்த ஈயப் புனலக் கவுத்து எறக்கினா, தோல் குழாய் வழியா தண்ணி ஏறி வரும். மொதல்ல உப்பு கரிக்கும். கொஞ்சம் பொறுத்தா தேனுதான். படக விட்டீங்கன்னா ஒரு நடை போயி மொண்டுட்டு வந்துர்றேன்.

என்ன? ஊத்து கிழக்க இருக்கு, நான் ஏன் மேக்கயே பாக்குறேனா?

பலே. அரைத் தூக்கத்துல இருக்கீங்கன்னு நெனச்சேன்.

அதோ, வெள்ளையா, சின்னதா தெரியுதுல்ல? நுரை இல்ல தம்பி, பாய். அதுல செவப்பு ஒட்டுப் போட்டது நான்தான். எங்க வீட்டுக்காரர் மத்தான்தான் சுக்கான் பிடிக்கிறாரு. பெரிய ராஜா கூடப் போனவரு. ஊரு கைமாறினது அவருக்குத் தெரியாது. பாரசீகக் கொடியக் கட்டிக்கிட்டு, வீட்டுக்கு வர்ற சந்தோஷத்துல நேரா உள்ள வருவாரு. மதில் மேல உங்க ஆளுங்க வில்லுல நாண் ஏத்துறத அப்பவே பாத்துட்டேன். அதுலேருந்துதான் இவ்வளவு பேச்சும். வாய மூடினா அழுதுருவேன் போல இருந்துச்சு.

தண்ணிப் படகுன்னு சொல்லி விடுங்க. போயி அந்தக் கொடிய எறக்கச் சொல்லிட்டு வந்துர்றேன். நம்பிக்கை இல்லியா, நீங்களும் ஏறுங்க. மேல இருக்கவங்களுக்கு மட்டும் ஒரு குரல் குடுத்துருங்க, கொஞ்சம் பொறுக்கச் சொல்லி. இன்னும் சத்தமா! ஆங், வில்ல எறக்கிட்டாங்க.

அந்தத் தலைக்கவசத்தக் கழட்டிருங்க. எங்காளு தப்பா நெனச்சுக்குவாரு. துடுப்ப நான் பாத்துக்கிறேன். மெதுவா, மெதுவா, ஆடுதுல்ல... வலது கால எடுத்து வைங்க.