அகலமாகிப்போன முகம்

வட்டவளையில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். மடியில், காணாமல் போன மகளின் படம் அச்சிட்ட நோட்டீஸ் கட்டு. எனக்கும் மகள் இருப்பதால் காதை விலக்க முடியவில்லை.

"இது நம்ம புள்ள மாதிரியா இருக்கு? மூஞ்சிய அகலமா இழுத்து வச்சிருக்காரு அச்சுக் கடைக்காரரு."

"கட்டத்த நெரப்ப இழுத்திருப்பாரு, விடு."

"திருவிழா நோட்டீஸ்ல தலைவர் படத்தையெல்லாம் கோடு போட்டு, ஒரு நூல் பெசகாம வைக்கிறவருங்க. நம்ம புள்ளைக்கு மட்டும் அளவு தப்புமா?"

"அவசரத்துல செஞ்சது."

"நம்ம புள்ள போன நாள்லேருந்து கடைக்காரரு மகனையும் காணோம். கேட்டா கொழும்புல வேலைங்கிறாரு."

கணவர் ஒரு நோட்டீஸை உருவி வெகுநேரம் பார்த்தார்.

"இத எங்கயும் ஒட்ட வேணாம். ஹட்டன்ல எறங்குனதும் பொலிஸுக்குப் போவோம்."