அமாவாசையன்று பார்த்த தறி

பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடும் யுத்தகால பஸ். அருப்புக்கோட்டைக்கு வரும் வழியில் அடுப்பைக் கிளற நிறுத்தியிருந்தார்கள். எனக்கு முன் இருக்கையில் இரண்டு நெசவாளிகள்.

"என்னலே, கோர்ட்டுல என்ன சொன்னாக?"

"தள்ளுபடி. ஆபீசரு வந்து பாத்தப்ப என் தறி ஓடலையாம். கண்ட்ரோல் நூல் வாங்குற பெர்மிட்டை நிப்பாட்டுனது சரிதானாம்."

"அன்னைக்கு அமாவாசைலே! நம்மள்ல எவன் தறியில உக்காருவான்?"

"வக்கீலும் அதைத்தான் சொன்னாரு. 'நேர்ல பாத்தவர் அதிகாரி, அவர் முடிவுல கோர்ட்டு தலையிடாது, அவர்கிட்டயே மனுப் போடு'ன்னுட்டாரு ஜட்ஜு."

நடைமுறைப்படி நான் எழுதிய தீர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"போட்டியா?"

"போட்டேன். மறுபடியும் பாக்க வாராராம்."

"என்னைக்கு?"

"வார அமாவாசைக்கு."

கேட்டவர் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். "என்னலே செய்யப்போற?"

"உன் நூல்ல கொஞ்சம் கடன் குடு. தறியில உக்காந்துர்றேன். பெர்மிட்டு இல்லாட்டி வீட்டுல கஞ்சி கிடையாது."

"அமாவாசையிலயா? அம்மன் கோவிச்சுக்கிட மாட்டாளா?"

"அம்மன் என்ன ஆபீசரா, ஜட்ஜா? காரணத்தைச் சொன்னா கேப்பா."