பச்சைமுடிக்காரி ஓட்டிய சைக்கிள்

— பெத்த பிள்ளை சைக்கிளை எண்ணூத்தம்பது ரூவாய்க்கு இரும்புக் கடையில போட்டுட்டேன்னு வந்து நின்னியல்லா? இந்தா ஓடுது பாருங்க, போன்ல இந்தப் பாட்டுப் படத்துல.

— ஏட்டி சத்தியபாமா, வியாபார நேரத்துல பையும் கையுமா வந்து நின்னு பாட்டா போடுத? சைக்கிள்னா ரெண்டு சக்கரம், ஒரு ஹேண்டில்பார். நாட்டுல கோடி கிடக்கு.

— கோடி சைக்கிள்லயும் கேரியருக்குச் சாக்குத்துணி சுத்தி நீல நூலால தைச்சிருக்கா? நான் தைச்சது. என் தையல் எனக்குத் தெரியாதா?

— அண்ணாச்சி, உளுந்தம்பருப்பு அரைக்கிலோ.

— இந்தா தங்கச்சி. அக்காவுக்கு வழி விட்டு நில்லு, இங்கன படம் ஓடுது. மிச்சம் பத்து ரூவா, எண்ணிக்கோ.

— கிண்டல் பண்ணுங்க. அவ போகட்டும், மேல சொல்லுதேன். கரிசக் காட்டு நடுவுல கதவில்ல, சுவரில்ல, நிலையும் வாசப்படியும் மட்டும் நிக்குது. சைக்கிள் ஓட்டுத அந்தப் பச்சைமுடிக்காரி கிட்ட வரைக்கும் வாரா. மிதிக்காமத் திரும்பிப் போயிருதா. மூணு தரம். ஏன்?

— வெயில்ல கல்லு சுட்டிருக்கும்.

— ‘இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதலே’ன்னு இசக்கிராஜாவை நீங்கதானே விரட்டுனிய? அவன் மறக்கல. அடுத்து இந்தா, வேலிக்கருவையில கடுகு நிறச் சட்டை தொங்குது. அவன் நம்ம வீட்டுல கடைசித் தீவாளிக்குப் போட்ட சட்டை.

— கருவை முள்ளுல சட்டையக் காயப்போடுதவன் ஜவுளிக்கடைக்கு லாயக்கில்லாதவன்.

— இதைப் பாருங்க. ஏழு ஆடு போகுது. கடைசி ஆடு மட்டும் நின்னு நம்மளத் திரும்பிப் பாக்குது.

— ஆட்டுக்கும் சம்பளம் குடுத்தா நடிக்கச் சொன்னான்?

— சிரிங்க. இந்தப் பாட்டு போன்ல தானா வந்த நாள்ல இருந்து, மூணு மாசமா நானும் சந்தேகமாத்தான் பாத்தேன். நேத்துத்தான் நிறுத்திப் பெருசாக்குனேன். நிலைக்கால்ல தொங்குதது நம்ம கடைக் காலண்டர். தேதி என்ன, வாசிங்க.

— கண்ணாடி வீட்டுல கிடக்கு.

— மூக்கு மேல இருக்கு. செப்டம்பர் இருவத்திரெண்டு. அவன் வீட்டை விட்டுப் போன தேதி. காத்துல தாளு படபடன்னு துடிக்குது, கிழிய மாட்டேங்குது. அந்தத் தேதி உங்களையும் என்னையும் அவனையும் விட்டா யாருக்குத் தெரியும்? நாலு வருசம் கழிச்சுப் பிள்ளை நம்மகிட்ட சாடை பேசுதான். இதை எடுத்த கம்பெனியிலதான் இருக்கான். ரெண்டு மணி பஸ்ல மெட்ராஸ் போறேன். டிக்கெட் போட்டாச்சு.

— டிக்கெட்டை வேண்டாம்னு சொல்லிரு.

— நீங்க கல்லாவுலயே இருங்க. நான் கூட்டிட்டு வாரேன்.

— பாமா, உக்காரு. அது சீனி மூட்டை, இந்த ஸ்டூல்ல உக்காரு. அந்தக் கம்பெனியில அவன் இல்ல. நான் கேட்டுட்டேன்.

— நீங்களா? எப்போ?

— பொங்கல் கழிஞ்சு எட்டயபுரம் ரோட்டுப் பருத்திக் காட்டுல படம் எடுக்க வந்தவன்வ தண்ணி பாட்டிலும் கடலை மிட்டாயும் நம்மகிட்டத்தான் எடுத்தான்வ. பழைய வீட்டுச் சாமான் வாடகைக்குக் கிடைக்குமா அண்ணாச்சின்னான் டைரக்டர். நம்ம சரக்குக் கிட்டங்கியத் திறந்துவிட்டேன்.

— கிட்டங்கியில என்ன இருந்துது?

— மிளகா வத்தல் மூட்டைக்குப் பின்னால சைக்கிள் நின்னுது. இரும்புக் கடைக்கெல்லாம் போகல. வீட்டுல கிடந்தா நீ ராப்பகலா அதைத் தடவிக்கிட்டே இருந்த. உன் கையில குடுத்த எண்ணூத்தம்பதும் என் சட்டைப்பையில இருந்து எடுத்ததுதான்.

— சட்டையும்?

— சட்டையும் அங்கனதான். காலண்டரும். அவன் போன மறுநாள் தாளைக் கிழிக்கக் கை வரல, அப்படியே கழட்டி வச்சுட்டேன்.

— வாடகை எம்புட்டு வாங்குனிய?

— ஒத்த ரூவா வாங்கல. மிட்டாய்க்குக்கூட வாங்கல, கேட்டியா. மூணு பொருளும் பளிச்சுன்னு தெரியணும், தேதி தெரியணும், அந்தப் பச்சைமுடிப் பிள்ளை வாசப்படிய மிதிச்சு உள்ள வரணும். இம்புட்டுத்தான் கேட்டேன். சரிங்க அண்ணாச்சின்னு தலையாட்டிட்டு, எடுக்கையில மாத்திட்டான். மிதிக்காமத் திரும்புனாத்தான் ஆழமா இருக்குமாம்.

— உங்களுக்கு ஏன் இந்த வேலை? ‘திரும்பி வாலே’ன்னு பேப்பர்ல போட்டா ஆகாதா?

— பேப்பர்ல போட்டா பஜாரே படிக்கும். நவநீதகிருஷ்ணன் இறங்கி வந்துட்டான்னு டீக்கடைக்கு டீக்கடை பேசுவான். இது அவன் ஒருத்தனுக்கு மட்டும் புரியும். எந்தப் பாட்டு வந்தாலும் முதல்ல பாக்குத பய. அவன் கீபோர்டைத்தான் நான் தெருவுல வீசுனேன், பாட்டுக் கிறுக்கு எங்க போகும்னு நினைச்சேன்.

— அப்போ அவன் நம்மகிட்ட ஒண்ணும் சொல்லல.

— இல்லட்டி. நான் அவனுக்குச் சொன்னது. நடுவுல நீ கேட்டுட்ட.

— அந்த ஆடு?

— அது தானா நின்னுது.

— அடுப்படியில நாள் பூராவும் இந்தப் பாட்டு ஓடுதே, காதுல விழுந்துதுல்லா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— நாலு வருசத்துல இந்த மூணு மாசந்தான் நீ ஒழுங்காச் சோறு தின்ன.

— சரி. இதை எம்புட்டுப் பேரு பாத்திருக்காவ?

— கீழ போட்டிருக்கு பாரு. அறுநூத்திப் பன்னெண்டு. இப்போ ஓடுனது ஏற நேரமாகும். லட்சம் தாண்டும்னான் டைரக்டர். பச்சை முடி இந்த ஊரு சந்தையில விலை போகல.

— அதுல என் கணக்கு இருக்கு. ஒவ்வொரு தரம் பாத்ததும் காலித் தீப்பெட்டியில ஒரு குச்சி போடுவேன். பெட்டிக்கு நாப்பது. பதினோரு பெட்டி ரொம்பிட்டு. அடுத்த பெட்டியில பன்னெண்டு கிடக்கு.

— நானூத்தி அம்பத்திரெண்டு. இரு, எழுதிக்கிடுதேன். என்னுது நூத்தி முப்பது. இந்தா, கணக்குச் சிட்டைக்குப் பின்னால கோடு போட்டு வச்சிருக்கேன்.

— நீங்களுமா?

— பாட்டுக்கு அடியில எவனாவது ஏதாவது எழுதியிருக்கானான்னு பாப்பேன். கம்பெனிக்காரன்வ இருவத்தொன்பது பேரு, ஆளுக்கு ஒரு தரம் பாத்ததோட சரியாம். டைரக்டர்ட்ட கேட்டேன், வருத்தமாத்தான் சொன்னான். அதையும் கூட்டு.

— எம்புட்டு வருது?

— அறுநூத்திப் பதினொண்ணு. ஏட்டி, ஒண்ணு இடிக்குதே. திரும்பவும் கூட்டுதேன், இரு... பாமா! ஒண்ணு மிஞ்சுது!

— மிஞ்சட்டும்.

— என்னது மிஞ்சட்டும்? நீ இல்ல, நான் இல்ல, அவன்வளும் இல்ல. வேற யாரு இதைப் பாக்கப் போறா? பாத்திருக்கான்ட்டி! எங்கனயோ உக்காந்து பாத்திருக்கான். பஸ் டிக்கெட்டை விட்டுராத, எனக்கும் ஒண்ணு போடு, கடையைச் சாத்திட்டு நானும் வாரேன். இந்தா, அந்த ஒண்ணை இசக்கிராஜா பேர்ல எழுதுதேன்.

— எழுதாதிய. அது நான். இன்னைக்குக் காலையில எந்திரிச்சதும் ஒரு தரம் பாத்தேன், குச்சி போட விட்டுப்போச்சு. நானூத்தி அம்பத்து மூணுன்னு திருத்திக்கிடுங்க, கணக்கு நேராயிரும்.