ரெண்டு பேருக்கு ஒரு டேபிள்

...இல்ல, நீயே சொல்லும்மா. பட்டப்பகல் ஒரு மணிக்கு ஜன்னலுக்கெல்லாம் திரையப் போட்டு மூடிப்புட்டு, கூடைக்குள்ள ஒரு பல்பத் தொங்க விட்டுருக்கான். வெளிய வெயிலு கொளுத்துது. உள்ள எனக்கு என் கையே தெரியல. இந்த இருட்டுல மீன வச்சா முள்ள யாரு பாக்குறது? கேட்டா ரொமாண்டிக்காம்! தஞ்சாவூர்ல இதுக்குத்தான் நாலரை ஸ்டாராம்!

பக்கத்து டேபிள்ல தனியா ஒக்காந்து போனையே பாத்துக்கிட்டு இருக்கியேன்னுதான் பேச்சுக் குடுத்தேன். தொந்தரவா? இல்லல்ல? நல்லது. மல்லியப்பூவும் புதுத் தாலிக்கயிறுமா இருக்கே, எத்தன நாளாச்சு? ஒரு மாசமா! எந்த ஊரு? பூதலூரா. பேரு? வேம்பு... நல்ல பேரு. ஒங்க வீட்டுக்காரரு? தியாகேசன். எங்க ஆளக் காணோம்? வந்துக்கிட்டே இருக்காராமா? இங்க பாரும்மா, ஆம்பள 'வந்துக்கிட்டே இருக்கேன்'னு சொன்னா இன்னும் சட்டைக்குப் பட்டன் போடலன்னு அர்த்தம். ஆ... சிரிக்கிறியா, சிரி சிரி!

நானு நுஸைபா. அதிராம்பட்டினம். எங்க வீட்டுக்காரரு சைபுல்லா, லுஹர் தொழுவப் பள்ளிக்குப் போயிருக்காரு. தொழுதுட்டு நேரா இங்கதான் வருவாரு. நாங்களும் ஒன்ன மாதிரிதான், டேட்டுக்கு வந்துருக்கோம். ஏன் அப்பிடிப் பாக்குற? நாப்பத்திநாலு வயசுல வரக்கூடாதா?

எல்லாம் எம்மவ ஹுமைரா பண்ற வேல. திருச்சில படிக்கிது. 'உம்மா, நீங்களும் வாப்பாவும் மாசத்துல ஒருநாளு தனியா வெளிய போய்ச் சாப்பிடணும், அதுக்குப் பேரு டேட் நைட்டு'ன்னு சட்டம் போட்டுருச்சு. நைட்டு தஞ்சாவூர்ல சாப்புட்டுட்டு எத்தன மணிக்கும்மா அதிராம்பட்டினம் போய்ச் சேர்றது? அதனால எங்க டேட் நைட்டு மத்தியானம் ஒரு மணிக்கு!

ஹோட்டல் தேடுறது என் பொறுப்பு. போன்ல ரொமாண்டிக்னு போட்டா ஒரு பெரிய லிஸ்டு வருது. எல்லாத்துக்கும் கீழ 'ஆம்பியன்ஸ் சூப்பர், ஆம்பியன்ஸ் சூப்பர்'னு எழுதியிருக்கான். நானும் இந்த ஊரு ஆளுங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்போலன்னு, ஹுமைராக்கிட்ட 'ஆம்பியன்ஸுங்கிறது கோழியா மட்டனா'ன்னு கேட்டேன். அது அன்னைக்குப் பூரா ஹாஸ்டல்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கு. அப்புறம் ஹலாலான்னு வேற பாக்கணும். ஹலாலா இருந்தா அம்பது பேரு கும்பலா இருக்கு, மெழுகுவத்தி வச்ச எடமாப் பாத்தா ஹலாலு இல்ல. இதுல நான் என்னத்த எடுக்குறது?

மொதல்ல போனது மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்து ஹோட்டலு. நடுவுல ஒரு தண்ணி ஊத்து. காத்தடிச்சா அம்புட்டுத் தண்ணியும் எங்க பிரியாணிலதான்! எங்க வீட்டுக்காரரு தட்டத் தூக்கி மடில வச்சுக்கிட்டுச் சாப்பிடுறாரு. நான் எலுமிச்சம்பழத்தப் புழியறதுக்குள்ள அவரு சாப்புட்டே முடிச்சிட்டாரும்மா! ஷார்ஜால ஒரு பலசரக்குக் கடைல இருவத்திரெண்டு வருசம். கல்லாவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே, ஆளு வர்றதுக்குள்ள அள்ளிப் போட்டுப் பழக்கம். அது அங்கதான் எனக்குத் தெரியுது. வீட்டுல நான் பரிமாறிக்கிட்டு நிக்கிறேன், எதிர்க்க ஒக்காந்து எப்பப் பாத்தேன்?

அப்பப் பாத்து கொழுந்தன் காதர் மைதீன் வந்து நிக்கிறாரு. பொண்டாட்டி, புள்ளைங்க, மாமியாரு, மொத்தம் ஏழு பேரு. 'அடடே, நீங்களும் இங்கதானாண்ணே!'னு டேபிள ஒட்டிப் போட்டு ஒக்காந்துட்டாங்க. அப்புறம் என்னா டேட்டு? அந்த மாமியாரு நாலு மணி வரைக்கும் முட்டிவலி பத்திச் சொன்னாங்க. டேட்டு அவங்களுக்கும் அவங்க முட்டிக்கும்தான்.

அடுத்த மாசம் ஹலால் கவலையே வேணாம்னு ஒரு சைவ ஹோட்டலு. டேபிள்ல மெழுகுவத்தி ஏத்தி வச்சான். இவரு சர்வர்கிட்ட ரொம்ப அக்கறையா, 'கரண்ட்டு எப்பங்க போச்சு?'ங்குறாரு! அதுகூடப் பரவால்ல. தோச வந்து ஒரு விள்ளல் எடுத்துருப்போம், ஹுமைரா வீடியோ கால்ல வந்துருச்சு. தண்ணி ஜக்குல போன சாய்ச்சு வச்சு, ஒரு மணி நேரம் மூணு பேரு டேட்டு. மெழுகுவத்தி கரைஞ்சு சட்னிக்குப் பக்கத்துல ஓடுது, அது அங்கேர்ந்து 'வாப்பா, உம்மாவுக்கு ஊட்டி விடுங்க'ங்குது. மானம் போச்சு.

என்னா கேட்ட? அவங்களுக்கெல்லாம் எப்பிடித் தெரிஞ்சுதுன்னா?

...நீ கெட்டிக்காரிதான். சாது மாதிரி ஒக்காந்துருக்கியேன்னு நெனச்சேன்.

யாருக்கிட்டயும் சொல்லிறாதம்மா. நான்தான். காதர் மைதீனுக்குக் கை கழுவுற எடத்துலேர்ந்து போன் போட்டது நான்தான். 'பக்கத்துலதானே இருக்கீங்க, புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுச் சும்மா வந்த மாதிரி வாங்க'ன்னேன். ஹுமைராவுக்கு டேபிளுக்கு அடில மிஸ்டு கால் குடுத்ததும் நான்தான். இன்னைக்கும் காலைல அவரோட அக்கா சைத்தூன் பீவிக்குப் பேசி வரச் சொல்லியிருக்கேன். இங்கதான், கீழவாசல்ல குடியிருக்காங்க. அக்காவ நாங்க லாத்தாம்போம். அவரு எதிர்ல அந்த மூணாவது சேரு லாத்தாவுக்குத்தான்.

ஏன்னா... ஏன்னு சொல்றது?

அன்னைக்குத் தோட்டத்து ஹோட்டல்ல அவரு தட்ட வழிச்சுச் சாப்புட்டுட்டு, கையத் தொடச்சுக்கிட்டு, என்னப் பாத்து 'சொல்லு நுஸைபா'ன்னாரு. அவ்வளவுதான். எனக்கு வாயடைச்சுப் போச்சும்மா! நம்புவியா? ஒன்னப் பாத்து அர மணி நேரம் ஆவல, எங்குடும்பக் கதையெல்லாம் ஒங்கிட்டக் கொட்டிட்டேன். அவருக்கிட்ட ஒரு வார்த்த வரல. எந்திரிச்சுக் கை கழுவப் போயிட்டேன்.

ரெண்டு வருசத்துக்கு ஒருக்க ரெண்டு மாசம் லீவு. கூட்டிப் பாத்தா நாங்க சேந்து இருந்தது ரெண்டு வருசம்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் போன்தான். 'சாப்ட்டீங்களா? சாப்ட்டேன். என்னா கறி? மீனு. புள்ள நல்லாருக்கா? நல்லாருக்கு. நீ? நல்லாருக்கேன்.' இருவத்திரெண்டு வருசம் 'நல்லாருக்கேன்'தான். தூரத்துல கெடக்குற ஆளுக்கிட்ட வேற என்னத்தச் சொல்றது? கேட்டுட்டு அங்க தூங்காமக் கெடப்பாரு. இப்ப ஒரேயடியா வந்து எட்டு மாசமாச்சு. எதிர்க்க ஒக்காந்து 'சொல்லு'ங்குறாரு. ஆரம்பிச்சா எல்லாம் வந்துரும்மா. எங்க உம்மா மவுத்தாகி அடக்கம் பண்ணுனப்ப நான் தனியா கெடந்தது... ஹுமைராவுக்கு டெங்கு வந்தது...

இன்னொண்ணு இருக்கு. ஒங்கிட்ட எதுக்குச் சொல்றேன்னு தெரியல, நீ புதுசாக் கல்யாணம் ஆன புள்ள. ஹுமைராவுக்கு அஞ்சு வயசுல, இவரு லீவு முடிஞ்சு போன பொறவு, எனக்கு ஒண்ணு தங்குச்சு. நெலையா நிக்கட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தேன். மூணாம் மாசம் போயிருச்சு. லாத்தாதான் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கிட்டு வந்து ஆஸ்பத்திரில சேத்து நாலுநாளு கூடவே இருந்தாங்க. சேத்த அன்னைக்குச் சாயங்காலம் ஷார்ஜாலேர்ந்து போனு. 'கொரல் ஒரு மாதிரி இருக்கே'ன்னாரு. சளின்னு சொல்லிட்டேன்.

பதினேழு வருசமா அது சளிதான்.

...அட, நீ ஏம்மா? தண்ணியக் குடி. நான் நல்லாத்தான் இருக்கேன்.

என்னா சொன்ன? லாத்தாவ வர வேணாம்னு சொல்லவா? ம்... நீ சொல்றதும் சரிதான். எத்தன நாளைக்கு ஓடுறது? இரு.

ஹலோ, லாத்தா... அஸ்ஸலாமு அலைக்கும். எங்க இருக்கீங்க? ஆட்டோ புடிச்சிட்டீங்களா? வந்து... இன்னைக்கு வேணாம் லாத்தா, நாங்களே... என்னது? கெளம்பவே இல்லியா? காலைல சரி சரின்னீங்களே!... ம்... ம்... சரி லாத்தா. வைக்கிறேன்.

பாத்தியாம்மா இந்த அநியாயத்த? நைட்டி மாத்தாமத் தலைய ஒணத்திக்கிட்டு இருக்காங்களாம். வர்ற எண்ணமே இல்லையாம். 'நீ ஒம்புருசனோட சாப்பிட நான் எதுக்குடி நடுவுல'ங்குறாங்க. இத காலைலயே சொல்லித் தொலைச்சிருந்தா நான் வேற யாரையாச்சும் கூப்பிட்டுருப்பேன்ல!

யா அல்லா... ஒன்ற ஆயிருச்சு. இப்ப வந்துருவாரு.

வேம்பு, ஒண்ணு பண்ணேன். நீயும் ஒங்க வீட்டுக்காரரும் இந்த டேபிளுக்கே வந்துருங்களேன்! ரெண்டு சேரு சும்மாத்தானே கெடக்கு? எங்க வீட்டுக்காரருக்கு வயலு, நடவு பத்தியெல்லாம் பேசப் பிடிக்கும், பூதலூர் ஆளுன்னா விடமாட்டாரு. நான் ஒங்களுக்கு ஒரு... என்னம்மா, எந்திரிச்சிட்ட? ஓ, வந்துட்டாரா! அந்த நீலச்சட்டையா? பரவால்லியே, எல்லாப் பட்டனும் போட்டுருக்காரே. வாங்க தம்பி, வாங்க, இப்பிடி ஒக்காருங்... எங்க கூட்டிக்கிட்டுப் போற? அந்தக் கோடி மூலைக்கா? ஏம்மா, இங்க எடம் இருக்குல்ல?

...சரி சரி. கண்ணடிக்காத, புரியுது. போ. நல்லாருங்க ரெண்டு பேரும்.

வாங்க. தொழுதாச்சா? ஒக்காருங்க. யாரத் தேடுறீங்க? யாரும் வரல. வர மாட்டாங்க. இன்னைக்கு நம்ம ரெண்டு பேருதான்.

அந்த மெனு கார்டக் கீழ வைங்க. ஒண்ணு சொல்லணும். வெரசா சொல்லிடுறேன், இல்லாட்டி சொல்ல மாட்டேன். ஹுமைராவுக்கு அஞ்சு வயசுல லீவுக்கு வந்துட்டுப் போனீங்கள்ல... அதுக்குப் பொறவு எனக்கு ஒண்ணு தங்கி... மூணாம் மாசம்...

என்னங்க?

தெரியுமா?

யாரு சொன்னா... லாத்தாவா! எப்ப? ...அன்னைக்கேவா? அப்ப சளின்னு நான் சொன்னப்ப... தெரிஞ்சேதான் கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?

ஏங்க, பதினேழு வருசம்! ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? ...ம்... பாஸ்போர்ட்டு மொதலாளிக்கிட்ட... கேட்டீங்களா? மூணு தடவ கேட்டீங்களா? தரலியா? ...ஓடி வர முடியாத ஆளு போன்ல என்னன்னு கேக்குறதுன்னா? 'அவளாச் சொல்லட்டும்'னா? இதையா இத்தன வருசம் மனசுல வச்சுக்கிட்டுக் கடைல நின்னீங்க?

இல்லண்ணே, ஆர்டர் இன்னும் முடிவு பண்ணல. ஒரு பத்து நிமிசம்... இல்ல, அர மணி நேரம் கழிச்சு வாங்க.

அழுவாதீங்க. சர்வரு பாக்குறாரு பாருங்க... சரி, பாக்கட்டும். இந்தப் பக்கம் வந்து ஒக்காருங்க, என் பக்கத்துல. ம். இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க.