டிவி முன்னால் நாலு மாதம்

"இத்தாவுல இருக்கும்போதுதான் நான் ஆடவே பழகுனேன்."

லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மாள் இப்படிச் சொன்னார். கணவர் இறந்து நாலு மாதம் பத்து நாள் இத்தா என்று வீட்டோடு இருந்துவிட்டு, இன்றுதான் வெளியே வந்திருக்கிறார். சர்க்கரை டாக்டரைப் பார்க்கப் போகிறார். பக்கத்தில் அவர் தங்கை. துணைக்கு வந்த கொழுந்தனார், டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா சொல்ற?"

"டாக்டர் நடக்கச் சொன்னாரு. வாசப்படி தாண்ட முடியாதே! துபாயிலேருந்து மவன் ஒரு வீடியோ கேம் அனுப்புனான். டிவியில அம்புக்குறி வரும். கீழ விரிச்ச பாயில அதே அம்புக்குறிய மிதிக்கணும். பாட்டுச் சத்தத்த நிறுத்திட்டு தெனம் காலையில அரை மணி நேரம் மிதிச்சேன்."

"யா அல்லா! எத்தன மார்க்கு வாங்குன?"

"சிரிக்காதடி. நேத்து வூட்டுலயே ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. சக்கரை நல்லா எறங்கியிருக்கு. எப்படின்னு டாக்டர் கேப்பாரு. கொழுந்தனாரும் கூடவே உக்காந்திருப்பாங்க. அண்ணன் மௌத்தான வூட்டுல ஆடுனீங்களான்னு கேட்டுட்டா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க எதிர்ல நிப்பேன்?"

"வூட்டுக்குள்ளயே நடந்தேன்னு சொல்லிடு."

பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும், முன்னால் உட்கார்ந்திருந்த கொழுந்தனார் எழுந்து வந்தார்.

"மதினி, அந்தப் பாயைப் பத்தி டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. எங்க தலைக்கு மேலதானே மாடியில மிதிக்கிறீங்க. ஒரு நாள் சத்தம் கேக்கலன்னாலும், மதினிக்கு என்னாச்சுன்னு பாத்துட்டு வான்னு எம் பொஞ்சாதிய மேல அனுப்பிருவேன்."